போட்டிகள் விழுங்கிய பஸூன்

மேற்கத்தைய செவ்விசைக் கலைஞர் ஒருவரின் அறிமுகக் குறிப்பை எடுத்து வாசித்துப் பாருங்கள். கச்சேரி நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்திலோ இறுவட்டின் உறையிலோ அது அச்சிடப்பட்டிருக்கும். இன்ன ஆண்டில் இன்ன நகரத்துச் சர்வதேசப் போட்டியில் இரண்டாம் பரிசு. மறு ஆண்டில் வேறொரு நகரத்தில் இறுதிச் சுற்று. இன்ன மாநாட்டில் தனிக் கச்சேரி. இன்னொரு மாநாட்டில் பயிற்சிப் பட்டறை. வாசித்து முடித்ததும் அவர் எங்கெங்கு சென்று வந்தார் என்பது நமக்குத் தெரிந்துவிடும். அவரது வாத்தியம் எப்படி ஒலிக்கும் என்பது மாத்திரம் தெரியாது. பயண முகவர் ஒருவரின் கோவையைப் புரட்டிய உணர்வே மிஞ்சும்.

பியானோக் கலைஞருக்கு இத்தகைய குறிப்பு பெரிய தீங்கு எதனையும் செய்துவிடுவதில்லை. எந்தப் போட்டி மேடைக்குப் போனாலும் பியானோ பியானோதான். பஸூன் கலைஞரின் விடயம் அவ்வாறானதல்ல. பஸூன் என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் வாத்தியங்கள் இரண்டு உள்ளன. கலைஞர் வாசிப்பது அவற்றில் எது என்பதை அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமற் போய்விட்டது என்பதுதான் இக்கட்டுரையின் முறைப்பாடு. கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போட்டி மேடைகளும் மாநாட்டு மண்டபங்களும் சேர்ந்து, இரண்டில் ஒன்றை ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டன. அதைவிடக் கொடிய வேடிக்கை ஒன்றும் உண்டு. அப்போட்டிகளில் வாசிக்கும்படி விதிக்கப்படும் உருப்படிகளிற் கணிசமானவை, இல்லாமற் போன அந்த வாத்தியத்திற்கென்றே எழுதப்பட்டவை.

பஸூனை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். நமது நாதஸ்வரத்தைப் போலவே இதுவும் சீவாளி வாத்தியம். நாணலைச் சீவி, இரண்டு இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அவற்றின் அதிர்விலிருந்து நாதத்தை எழுப்பும் பெருங்குடும்பத்தில் நாதஸ்வரம், ஷெனாய், ஓபோ ஆகியவற்றுடன் பஸூனுக்கும் இடமுண்டு. ஏறக்குறைய இரண்டரை மீற்றர் நீளமான மரக்குழாயை இரண்டாக மடித்துக் கட்டியது போன்ற தோற்றம். சீவாளி நேரே குழாயிற் பொருந்தாமல், வளைந்த மெல்லிய உலோகக் குழலொன்றின் நுனியிற் பொருந்தும். இசைக்குழுவில் மந்த்ர ஸ்தாயிக்குப் பொறுப்பானது இதுவே. ஆயினும் உச்ச ஸ்தாயியில் மனிதன் விம்முவதைப் போன்ற ஒரு குரலும் அதற்கு உண்டு. சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி 1893 இல் அரங்கேறியபோது அதன் முதல் வரியைப் பாடியது பஸூனின் அடித்தொண்டை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' 1913 இல் பாரிஸில் அரங்கேறியபோது முதல் வரியைப் பாடியது அதன் உச்சிக் குரல். ஒரே வாத்தியத்தின் இரு முனைகள் அவை.

இனி இரண்டு வாத்தியங்கள் என்று சொன்னதற்கு வருகிறேன். ஜேர்மனியில் கார்ல் அல்மென்ரேடர் என்ற கலைஞர், பஸூனின் துளைகள் எங்கே அமையவேண்டும் என்பதை ஆராய்ந்து மாற்றியமைத்தார். அவரும் யோஹான் ஆடம் ஹெக்கெலும் இணைந்து 1831 இல் பீப்ரிஹ் நகரில் பட்டறை தொடங்கினர். ஹெக்கெல் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அதனைச் செப்பனிட்டனர். மேப்பிள் மரத்தாலான இந்த ஜேர்மன் வாத்தியத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே நிறத்தில், ஒரே பருமனில் ஒலிக்கும். பிரான்சிலோ பழைய துளை அமைப்பைப் பெரிதும் குலைக்காமல், விசைகளை மட்டும் திருத்திக்கொண்டு போனார்கள். ஒய்ஜேன் ஜான்கூர் என்ற கலைஞர் இதில் முக்கியமானவர். பியுஃபே போன்ற பாரிஸ் பட்டறைகள் அவ்வாத்தியத்தைச் செய்தன. தோதகத்தி இனத்து மரத்தாலான அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிச் சுபாவம் உண்டு. ஒன்று மூக்கால் பேசும், மற்றொன்று வாய்திறந்து பாடும். உச்ச ஸ்தாயி இலகுவாகக் கைவரும். சுருதி சுத்தத்துக்குக் கலைஞனின் உதடு அதிகம் உழைக்கவேண்டும். பிரெஞ்சுக்காரர் தங்களுடையதை 'பஸ்ஸோன்' என்றும் ஜேர்மன் வாத்தியத்தை அதன் ஜேர்மன் பெயராலேயே 'ஃபகொட்' என்றும் பிரித்தே அழைப்பர். இரண்டும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஒன்றை வாசிப்பவர் மற்றதைக் கையிலெடுத்தால் விரல்களுக்குப் புதிதாகப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

போட்டி என்பதே தீயது என்று நான் வாதிட வரவில்லை. அவ்வாறு வாதிடுவோர் வரலாற்றை வாசிக்கவில்லை. பஸூனுக்கு இன்று இருக்கும் இருபதாம் நூற்றாண்டு உருப்படிகளிற் பெரும்பகுதி போட்டியால் வந்தது. 1795 இல் நிறுவப்பட்ட பாரிஸ் கொன்சர்வத்துவாரில் ஆண்டு முடிவில் மாணவர்களுக்கு 'கொன்கூர்' எனும் போட்டித் தேர்வு நடக்கும். அதற்கென இசையமைப்பாளர்களிடம் புதிய உருப்படிகளைக் கேட்டு வாங்குவது வழக்கம். கப்ரியேல் பியெர்னே 1898 இல் எழுதியதும், ஓன்றி டுற்றியே 1942 இல் எழுதிய 'சரபாந்தும் ஊர்வலமும்' என்பதும், மார்செல் பிற்ஷின் கொன்செர்ட்டினோவும் இவ்வாறு பிறந்தவை. இன்று உலகின் எந்த மூலையில் பஸூன் போட்டி நடந்தாலும் இவற்றுள் ஒன்றாவது பட்டியலில் நிற்கும்.

ஆனால் அந்தக் கொன்கூரில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'முதற்பரிசு' என்பது அங்கே ஒருவரை மற்றவருக்கு மேலே நிறுத்தும் வரிசை எண் அல்ல. அந்தத் தரத்தை எட்டியவர் மூவர் என்றால் மூவருக்கும் முதற்பரிசு. ஒருவரும் எட்டவில்லையெனில் ஒருவருக்கும் இல்லை. நடுவர்கள் கேட்ட கேள்வி, 'இவன் நமது மரபைக் கற்றுத் தேறினானா?' என்பதே. 'இவன் மற்றவனைவிடச் சிறந்தவனா?' என்பதல்ல. முன்னைய கேள்வி ஒரு மரபைக் காப்பாற்றும். பின்னைய கேள்விக்கு மரபு எதுவும் தேவையில்லை. ஒரு பொது அளவுகோல் மாத்திரம் போதும். நாடுகளைக் கடந்த போட்டிகள் தோன்றியபோது இந்தப் பின்னைய கேள்விதான் அரியணை ஏறியது.

பழியை முழுமையாகப் போட்டிகளின் தலையில் போடுவது நேர்மையாகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். மாற்றத்தைத் தொடக்கியவை இசைக்குழுக்கள். பிரித்தானியாவில் ஒருகாலத்தில் பிரெஞ்சு வாத்தியமே பெருவழக்காக இருந்தது. மான்செஸ்ரரின் ஹல்லே இசைக்குழுவில் ஆர்ச்சி காம்டன் ஜேர்மன் வாத்தியத்தைக் கையாண்டார். அதிலேயே 1920களில் மொஸாற்றின் கொன்சேர்ட்டோவையும் ஒலிப்பதிவு செய்தார். 1930 இல் டொஸ்கனினியின் தலைமையில் நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் இலண்டனுக்கு வந்தது. அந்த அணியின் பஸூன் ஒலியைக் கேட்ட பின்னர் இலண்டன் கலைஞர்கள் வரிசையாகக் கட்சி மாறினர். மாறாமல் நின்றவர்களில் ஒருவர் செசில் ஜேம்ஸ். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவில் கடைசிவரை பியுஃபே வாத்தியத்தையே அவர் வாசித்தார். கரயானும் கிளெம்பரரும் 1950களில் அந்தக் குழுவுடன் செய்த ஒலிப்பதிவுகளை இன்று கேட்போர் பஸூன் வரும் இடங்களில் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்றால் காரணம் அவர்தான். பின்னர் பாரிஸின் இசைக்குழுக்களே ஒவ்வொன்றாக ஜேர்மன் வாத்தியத்துக்கு மாறின. பாரிஸ் ஒப்பெராவின் இசைக்குழு மாத்திரம் பிரெஞ்சு வாத்தியத்தின் கோட்டையாக நெடுங்காலம் நின்றது. மொறிஸ் அலார், அவருக்குப் பின்னர் ஜில்பேர் ஒடன் ஆகியோர் அங்கிருந்து அதனைக் காத்தார்கள்.

இசைக்குழு மாறியதில் நியாயம் உண்டு. எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி பிசகாத, நிறம் மாறாத ஒலி நடத்துநருக்கு வசதி. வேலை தேடும் இளைஞனுக்கும் பேர்லினிலும் சிக்காகோவிலும் ஓஸ்லோவிலும் ஒரே வாத்தியத்துடன் தேர்வுக்குச் செல்லலாம் என்பது சோற்றுப் பிரச்சினை. பல பத்தாயிரம் யூரோ கொடுத்து ஒரு ஹெக்கெலை வாங்கியவனிடம் மரபைப் பற்றி உபதேசம் செய்ய நான் முன்வரமாட்டேன்.

ஆனால் போட்டி என்பது இசைக்குழு அல்ல. அங்கே எண்பது பேரோடு இழைய வேண்டியதில்லை. ஒருவன் தனியே நின்று தனது குரலைக் காட்டும் இடம் அது என்றுதான் அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். அவ்வாறாயின் இசைக்குழுவின் வசதிக்காகப் பிறந்த அளவுகோலை அங்கேயும் எடுத்துச் சென்றது ஏன்?

1952 இல் தொடங்கிய மியூனிக் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் வானொலிகளின் கூட்டமைப்பு நடத்தும் இப்போட்டி ஆண்டுதோறும் வாத்தியங்களை மாற்றி மாற்றி அழைக்கும். பஸூனின் முறை 2008, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்தது. தகுதியானவர் இல்லையென்று கருதினால் முதற்பரிசைக் கொடுக்காமலே விட்டுவிடும் கண்டிப்புக்குப் பேர்போனது. 2013 இல் அங்கே பரிசு பெற்றவர்களுள் ஒருவர் சோஃபி டெர்வோ. பிரான்சில் பிறந்தவர். 2015 முதல் வியன்னாவில் முதன்மைப் பஸூன் கலைஞராகப் பணியேற்றார். அபாரமான கலைஞர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர் வாசிப்பது ஜேர்மன் வாத்தியம்.

மொஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டியின் கதை இன்னும் சுவையானது. 1958 இல் ஆரம்பித்த அந்தப் போட்டி, பஸூனோடு தன் கடைசிச் சிம்பொனியைத் தொடங்கிய இசையமைப்பாளரின் பெயரைச் சூடிக்கொண்டே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பஸூனை வாசலிலேயே நிறுத்திவைத்தது. 2019 இல்தான் மரக்காற்று வாத்தியங்களுக்குக் கதவு திறந்தது. திறந்த விதத்தையும் பாருங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற், பஸூன் ஆகிய நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தார்கள். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம், தோடம்பழம் நான்கில் எது சிறந்தது என்று வாக்கெடுப்பு நடத்தியது போல. முதற்பரிசு புல்லாங்குழலுக்குச் சென்றது. மூன்றாம் பரிசு பெற்ற லோலா டெகூர் என்ற பஸூன் கலைஞரும் பிரெஞ்சுப் பெண்மணியே. அவர் வாசித்ததும் ஜேர்மன் வாத்தியமே.

இவ்விருவர் மீதும் குற்றம் காண்பது எனது நோக்கமன்று. அவர்கள் எட்டிய உயரம் உழைப்பால் வந்தது. ஆனால் பிரெஞ்சுப் பஸூனின் தாயகத்திலிருந்து உலக மேடைக்கு வந்தவர்கள் அந்த மேடையில் ஏறுவதற்கு முன்னரே தாயகத்து வாத்தியத்தைக் கைவிட்டிருந்தார்கள் என்பது உண்மை. இதைக் கண்டு எந்தப் போட்டி ஏற்பாட்டாளரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

'எமது விதிகளில் எந்த வாத்தியத்துக்கும் தடையில்லையே' என்று அவர்கள் பதில் சொல்வார்கள். எழுத்தில் தடையில்லைதான். நாம் இலங்கையர். எழுத்தில் இல்லாத தடைகள் எவ்வளவு உறுதியானவை என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நடுவர் மேசையில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெயர்பெற்ற பஸூன் பேராசிரியர்கள். ஜேர்மன் வாத்தியத்தில் பழகி, அதையே கற்பிப்பவர்கள். ஒன்பது நடுவர்கள் இருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு நிறம் காட்டும் வாசிப்பைக் கேட்டு நால்வர் சொக்கிப்போய் உச்சப் புள்ளி கொடுக்கிறார்கள்; ஐவர் முகஞ்சுளித்துக் குறைத்துப் போடுகிறார்கள். மற்றொரு போட்டியாளரின் வாசிப்பு எவரையும் சொக்கவைக்கவில்லை, எவரையும் முகஞ்சுளிக்கவும் வைக்கவில்லை. ஒன்பது பேரும் நல்ல புள்ளி கொடுக்கிறார்கள். கூட்டிப் பிரித்துப் பாருங்கள். அடுத்த சுற்றுக்குப் போகிறவர் இரண்டாமவர்தான். சதி எதுவும் இங்கே தேவையில்லை. நடுவர்கள் அனைவரும் உத்தமர்களாக இருந்தாலும் கணக்கு இப்படித்தான் முடியும். இதைக் காணும் இருபது வயது மாணவன் என்ன முடிவுக்கு வருவான்? முப்பதை ஒட்டிய வயதெல்லைக்குள் இரண்டு மூன்று பரிசுகளைத் தட்டியாக வேண்டும். பரிசு இல்லையேல் குறிப்பில் எழுத ஒன்றுமில்லை. குறிப்பு இல்லையேல் அழைப்பில்லை. அவன் ஜேர்மன் வாத்தியத்தை வாங்குவான்.

'திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்க வைத்துவிட்டால் பாரபட்சம் ஒழிந்துவிடுமே' என்று கேட்பவர்களும் உண்டு. திரை, முகத்தையும் நிறத்தையும் பாலையும் மறைக்கும். இசைக்குழுத் தேர்வுகளில் அதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் திரை நாதத்தை மறைக்காது. மூன்று சுரம் ஒலிப்பதற்குள் உள்ளே இருப்பது எந்த வாத்தியம் என்று பஸூன் பேராசிரியர் ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வாதம் சற்றுக் கனமானது. ஜேர்மன் வாத்தியம் உண்மையிலேயே மேலானது, ஆகவேதான் வென்றது என்பது அது. எதற்கு மேலானது என்று நான் கேட்கிறேன். சென்-சான்ஸ் 1921 இல், தமது வாழ்வின் இறுதி ஆண்டில், பஸூனுக்கென ஒரு சொனாட்டா எழுதினார். அதைப் பாரிஸ் கலைஞர் லெயோன் லெற்றெலியேக்குச் சமர்ப்பித்தார். அவர் காதில் இருந்தது லெற்றெலியேயின் ஒலி, அதாவது பிரெஞ்சு வாத்தியத்தின் ஒலி. அந்த உச்சிச் சுரங்களை அவர் துணிந்து எழுதியதும் அது இலகுவாக ஏறும் என்று தெரிந்திருந்ததால்தான். ரவெல் 1928 இல் 'பொலேரோ'வின் பல்லவியைப் புல்லாங்குழலுக்கும் கிளாரினெற்றுக்கும் அடுத்ததாகப் பஸூனின் உச்ச ஸ்தாயிக்குக் கொடுத்ததும் இதே அறிவோடுதான். ஜொலிவே 1954 இல் எழுதிய கொன்சேர்ட்டோவை, அவருடைய காலத்திலேயே பிரெஞ்சு வாத்தியத்தில் ஒலிப்பதிவு செய்து நிலைநாட்டியவர் மேலே சொன்ன மொறிஸ் அலார். இந்த உருப்படிகளை ஜேர்மன் வாத்தியத்தில் வாசிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அருமையாக வாசிக்கிறார்கள். ஆனால் இவற்றைக் கட்டாய உருப்படிகளாக விதித்துவிட்டு, இவை பிறந்த குரலை 'சீரற்றது' என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

இதில் ஒளிந்திருக்கும் முரண்பாடொன்றை எவரும் பேசுவதாக இல்லை. விவால்டி பஸூனுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கொன்சேர்ட்டோக்களை எழுதினார். அவருடைய காலத்துப் பஸூனை மீண்டும் செய்து, அந்தக் கால முறையில் வாசிப்பது இன்று பெரும் கௌரவம். அதற்கெனக் கல்வியும் ஒலிப்பதிவுகளும் தனிக் குழுக்களும் உண்டு. அந்த வாத்தியம் சீரற்றது என்று எவரும் முகஞ்சுளிப்பதில்லை; அதன் சீரின்மையே அழகு என்று கட்டுரை எழுதுகிறார்கள். 1725 ஆம் ஆண்டின் வாத்தியத்துக்கு மாலை, 1925 ஆம் ஆண்டின் வாத்தியத்துக்கு மூலை. பாட்டனாரின் படத்துக்குப் பூ வைப்பவர்கள் தகப்பனாரைத் திண்ணையில் படுக்கவைத்தது போன்றது இது. பிரான்சுவா-சாவியே றோத் 2003 இல் தொடங்கிய 'லே சியேக்ல்' குழுவினர், 'வசந்தச் சடங்கை' 1913 ஆம் ஆண்டுக் காலத்துப் பிரெஞ்சு வாத்தியங்களால் வாசித்து வெளியிட்டனர். அந்த முதல் வரியைக் கேட்டுப் பாருங்கள். நாம் பழகிய உருண்ட, மெருகேற்றிய குரலல்ல அது. மெலிந்த, கொஞ்சம் கரகரத்த, ஒரு கிராமத்துக் குழலின் சாயல் கொண்ட குரல். அந்தக் குரலை மனதில் வைத்தே ஸ்ட்ராவின்ஸ்கி எழுதினார் என்பதை நம்புவதற்கு வேறு சான்று தேவைப்படாது.

வாத்தியங்கள் மாறுவது இயல்புதானே என்று தமிழ் வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. ஏனெனில் நமது வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என இரு வகை. திமிரி குட்டையானது, சுருதி கூடியது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ரி.என். இராஜரத்தினம்பிள்ளை பாரியைக் கையிலெடுத்தார். நரசிங்கன்பேட்டை ரெங்கநாத ஆசாரி அதனைச் செம்மைப்படுத்தினார். திமிரி பின்தள்ளப்பட்டது. நாம் எவரும் அழவில்லை.

உண்மை. ஆனால் அந்த மாற்றம் எங்கே நடந்தது? கோயில் வீதியில், கல்யாணப் பந்தலில், விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்த சனங்களுக்கு முன்னால் நடந்தது. தனக்கு வேண்டிய நாதத்தைத் தேடிய ஒரு கலைஞன் தச்சாசாரியிடம் போனான், செய்வித்தான், ஊதினான், ஊர் தலையாட்டியது. மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பிடிக்காதவன் திமிரியையே ஊதியிருந்தாலும் அவனுக்குப் புள்ளி போட எவரும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் போட்டி இருந்தது. நாலைந்து கூட்டம் மேளம் ஒருவரையொருவர் விஞ்சி வாசித்ததை எனது தலைமுறையினர் கேட்டிருக்கிறார்கள். அங்கே வென்றவன் மற்றவனைப் போல வாசித்து வெல்லவில்லை. மற்றவனிடம் இல்லாத ஒன்றைக் காட்டித்தான் வென்றான். ஐரோப்பிய நடுவர் மேசையின் அமைப்பு இதற்கு நேர் எதிரானது. திமிரி மறைந்ததிலும் ஓர் இழப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை; அது வேறொரு நாளைக்கான விடயம்.

மாநாடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சர்வதேச இரட்டைச் சீவாளிச் சங்கம் 1971 இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஓபோ, பஸூன் கலைஞர்களுக்கான அதன் ஆண்டு மாநாடு பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களிலும், இடைக்கிடை வெளியிலும் கூடுகிறது. 2015 இல் டோக்கியோ, 2018 இல் ஸ்பெயினின் கிரனாடா, 2023 இல் பாங்கொக். இளம் கலைஞர்களுக்கென ஜிலே, ஃபொக்ஸ் ஆகிய இருவரின் பெயரிலான போட்டியும் அதனுடன் சேர்ந்து நடக்கிறது. இவர்களுள் ஹியூகோ ஃபொக்ஸ், சிக்காகோ சிம்பொனியின் முதன்மைப் பஸூன் கலைஞராக இருந்தவர். ஓய்வுபெற்றதும் 1949 இல் இந்தியானா மாநிலத்தில் வாத்தியத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்.

இந்தச் சங்கத்தால் விளைந்த நன்மைகள் சிறியன அல்ல. தனித்தனியே ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருவராக இருந்த கலைஞர்களை ஒன்றுசேர்த்தது. ஒருகாலத்தில் குருவின் அறைக்குள் மாத்திரம் இருந்த சீவாளி கட்டும் நுட்பங்கள் எல்லோர் கைக்கும் வந்தன. ஆனால் மாநாடு என்றால் கண்காட்சி மண்டபமும் உண்டு. அங்கே கடை விரிப்பவர்கள் ஃபொக்ஸ், பியுக்னர், யமஹா போன்ற, ஜேர்மன் முறை வாத்தியங்களைச் செய்து உலகெங்கும் விற்கும் நிறுவனத்தார். மேடையில் அந்த வாத்தியங்களின் ஒலி, மண்டபத்தில் அவற்றின் விலைப்பட்டியல், மாலையில் அதே வாத்தியங்களைக் கற்பிக்கும் பேராசிரியர்களின் வகுப்பு. அரைமணிநேரத்தில் வாசித்து இறங்கும் கலைஞருக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்களும் பஸூன் கலைஞர்களே. பஸூன்காரர் வாசிக்கப் பஸூன்காரர் கேட்டுப் பஸூன்காரர் கைதட்டும் வட்டம் அது. வெளியிலிருந்து ஒரு சாதாரண ரசிகன் உள்ளே வந்து, 'அந்த வயலின்காரர் பத்து வகையாக ஒலிக்கிறார்களே, நீங்கள் மாத்திரம் ஏன் ஒரே வகையாக ஒலிக்கிறீர்கள்?' என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை. மியூனிக்கில் சபையோர் பரிசு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் சபையோரிடம் கேட்பதற்கு முன்னரே முன்சுற்றுகளில் எல்லா வேறுபாடுகளும் சீவித் தள்ளப்பட்டுவிடுகின்றன.

இன்னொரு வேடிக்கை. உலகெங்கும் பஸூன் சீவாளிக்குப் பெரிதும் விரும்பப்படும் நாணல், தென் பிரான்சின் வார் பிரதேசத்தில் விளைவது. ஹெக்கெல் வாசிப்பவரும் அந்த நாணலையே தேடுகிறார். பிரான்சின் புல் வேண்டும், பிரான்சின் உருப்படி வேண்டும், பிரான்சின் கலைஞரும் வேண்டும். பிரான்சின் குரல் மாத்திரம் வேண்டாம்.

எனது தொழிலாளர் கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு. பத்திரிகைகளின் இசைப் பக்கத்தில் போட்டி முடிவுகளை நாம் எவ்வாறு வெளியிடுகிறோம்? ஒலிம்பிக் பதக்கப் பட்டியலைப் போல. பெயர், நாடு, பரிசு. யார் வென்றார் என்று எழுதுவது செய்தி. என்ன கேட்டது என்று எழுதுவது விமர்சனம். பின்னையதற்கு இடமும் சம்பளமும் குறையக் குறைய முன்னையது மாத்திரம் நிலைத்துவிட்டது. கலைஞரின் முகவர் அனுப்பும் குறிப்பை அப்படியே அச்சிட்டுவிட்டு 'நமது நிருபர்' என்று போடும் வழக்கம் கொழும்பிலும் உண்டு, இலண்டனிலும் உண்டு.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாரிஸ் கொன்கூருக்காக எழுதப்பட்ட உருப்படி ஒன்றை விதிக்கும்போது, அது பிறந்த வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரையேனும் நடுவர் மேசையில் அமர்த்துங்கள். பாரிஸ் கொன்சர்வத்துவாரில் இரண்டு வாத்தியங்களுக்கும் தனித்தனி வகுப்பு நடத்தினார்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வு ஒரு சர்வதேசப் போட்டியின் விதிக்கோவைக்குள் நுழைவதற்கு எந்தத் தடையும் இல்லை. மாநாட்டை நடத்துவோர் கண்காட்சி மண்டபத்தில் ஒரு மேசையையும் மேடையில் ஒரு மாலைப்பொழுதையும் பிரெஞ்சு வாத்தியத்துக்கென ஒதுக்கட்டும். அருங்காட்சியகப் பொருளாக அல்ல; வாசிப்பதற்கு, வாங்குவதற்கு, வகுப்பெடுப்பதற்கு. முடிவுகளை வெளியிடும்போது பெயருக்கும் நாட்டுக்கும் பக்கத்தில் வாத்தியத்தின் வகையையும் செய்த பட்டறையையும் அச்சிடட்டும். குதிரைப் பந்தய முடிவில்கூடக் குதிரையின் பெயரைப் போடுகிறார்கள்.

அதை அவர்கள் செய்யாவிட்டால் செய்தி எழுதும் எனது சகபாடிகள் கேட்கலாம். அடுத்த முறை பஸூன் போட்டியொன்றின் முடிவு மேசைக்கு வரும்போது, தொலைபேசியை எடுத்து ஒரே ஒரு கேள்வி: இறுதிச் சுற்றில் எத்தனை பேர் பிரெஞ்சு வாத்தியம் வாசித்தார்கள்? 'ஒருவருமில்லை' என்று பதில் வந்தால், தலைப்புச் செய்தி அதுதான்.